நிறமூர்த்த மாற்றங்களும் நுண்வரிசைத் தகடும்: ஒரு வரலாற்று நோக்கு

சுரை விதைத்தால் அவரை முளையாது என்பது எழுத்தறியா உழவனும் அறிந்த உண்மை. தாயையும் தந்தையையும் ஒத்தே மகவு பிறக்கின்றது. எனினும், ஒரோவழி இவ்வொழுங்கு பிறழ்வதையும் மக்கள் தொன்றுதொட்டுக் கண்டுவந்துள்ளனர். நலமுடைய பெற்றோர்க்கு நலங்குன்றிய மகவு பிறக்கின்றது. வளர்ச்சி தாமதித்தும், இதயத்திற் குறையுற்றும், பேச்சு வாராதும் சில குழந்தைகள் துன்புறுகின்றன. இதற்குக் காரணம் தேடிய மக்கள், ஊழ் என்றனர், கண்ணேறு என்றனர், கிரகண வேளையில் கருவுற்றாள் வெளியே வந்தமை என்றனர். எக்காரணம் கூறினும் பழி பெரும்பாலும் தாயின்மேலேயே விழுந்தது. இவ்வினாவிற்கு உயிரியல் கண்ட விடை யாது, அவ்விடை எவ்வழியாக வந்தது, அதன் எல்லை எவ்வளவு என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிறமேற்கும் இழைகள்

உயிர்க்கலத்தின் கருவினுள், சாயம் ஊட்டிய வேளையிற் பளிச்செனத் தோன்றும் நுண்ணிழைகள் உள. இவற்றிற்குச் செருமானிய அறிஞர் வால்டயர் 1888 ஆம் ஆண்டிற் கிரேக்கச் சொற்கள் இரண்டைக் கூட்டிப் பெயரிட்டார். நிறம், உடல் என்னும் அவ்விரு பொருளும் அமையவே நம் நாட்டுப் பாடநூல்கள் நிறமூர்த்தம் என வழங்குகின்றன. இந்நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், 1902, 1903 ஆகிய ஆண்டுகளில், அமெரிக்கரான சற்றனும் செருமானியரான போவெரியும் பரம்பரை இயல்புகளைச் சுமப்பன இவ்விழைகளே எனத் தனித்தனியே முடிவுகட்டினர். பின்னர் மோகனும் அவர்தம் மாணவரும் பழ ஈயை ஆராய்ந்து, பரம்பரையலகுகள் நிறமூர்த்தத்தில் வரிசையாக அமைந்துள்ளன என்பதை நிறுவினர்.

வரிசை என ஒன்று உண்டாயின், அவ்வரிசை குலைதலும் உண்டு. ஒரு துண்டு அற்றுப்போதல் இழப்பு எனப்படும். ஒரு துண்டு இருமுறை அமைதல் இரட்டிப்பு. துண்டு அறுந்து முன்பின்னாகத் திரும்பி ஒட்டுதல் நேர்மாறல். ஒரு நிறமூர்த்தத்தின் துண்டு வேறொன்றிற் சென்று சேர்தல் இடப்பெயர்ச்சி. நோயின் வரலாற்றிலும் உயிரினக் கூர்ப்பின் வரலாற்றிலும் இந்நான்கு மாற்றங்களே பெரும்பங்கு கொள்கின்றன.

கோயம்புத்தூர் தந்த பாடம்

இத்துறையின் வரலாறு மேனாட்டு ஆய்வுகூடங்களில் மட்டும் நிகழ்ந்ததன்று. 1912 ஆம் ஆண்டிற் கோயம்புத்தூரிற் கரும்பு இனவிருத்தி நிலையம் தோன்றிற்று. அதன் முதல் அறிஞரான பாபரும், அவருக்குப்பின் பொறுப்பேற்ற தி. சு. வேங்கடராமனும் ஒரு துணிவான கலப்பைச் செய்தனர். தடித்த தண்டும் இனிய சாறும் உடைய வெள்ளைக் கரும்பினை, ஆற்றங்கரையில் தானே வளரும் காட்டு நாணலோடு கலந்தனர். நாணலிற் சாறு இல்லை; ஆனால் நோயையும் வறட்சியையும் தாங்கும் உரம் உண்டு. இக்கலப்பிற் பிறந்த கோ 205 என்னும் கரும்பு 1918 இல் வெளிவந்து, வட இந்தியக் கரும்புச் செய்கையையே மாற்றியமைத்தது.

இவ்வெற்றியின் உட்பொருளை விளங்கிக்கொள்ள நிறமூர்த்தங்களை எண்ணவேண்டியதாயிற்று. தடித்த கரும்பிற்கு 80 நிறமூர்த்தங்கள்; நாணலுக்கோ இடத்திற்கிடம் 40 முதல் 128 வரை வேறுபடும். இவ்வெண்ணிக்கையை ஆராயக் கோயம்புத்தூருக்கு 1934 இல் வந்தவர் ஜானகி அம்மாள். தலைச்சேரியில் 1897 இற் பிறந்து, சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் கற்று, அமெரிக்க மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931 இல் அறிவியற் கலாநிதிப் பட்டம் பெற்றவர் அவர். கரும்பையும் சோளத்தையும் கலந்த கலப்பினத்தையும் உருவாக்கினார். பின்னர் இங்கிலாந்து சென்று, சி. டி. டார்லிங்டனுடன் சேர்ந்து 1945 இற் பயிர்த்தாவரங்களின் நிறமூர்த்த அட்டவணையை வெளியிட்டார். எத்தாவரத்திற்கு எத்தனை நிறமூர்த்தம் என்பதை ஒருங்கு தொகுத்துரைத்த பெருநூல் அது. 1951 இல் நேருவின் அழைப்பினால் நாடு திரும்பி, இந்தியத் தாவரவியல் அளவைத் துறையைச் சீரமைத்தார்.

இவ்வட்டவணையின் பயனை நம் தோட்டத்திலேயே காணலாம். காட்டு வாழைக்கு 22 நிறமூர்த்தங்கள். கரவெட்டியிலும் அயலிலும் நாம் வளர்த்து உண்ணும் வாழைகளுட் பெரும்பாலானவை 33 உடையன. மும்மடங்காய் நிற்கும் அவ்வெண்ணிக்கை இரண்டாகச் செவ்வனே பிரியாது; ஆகவே விதையும் உண்டாவதில்லை. விதையில்லாக் கனி நமக்கு இன்பம். வாழைக்கோ அது மலடு. தாவரத்தில் நன்மையாய் முடியும் மிகை, மானிடனிற் பெருந்துன்பமாய் முடிவதை இனிக் காண்பாம்.

நாற்பத்தெட்டு என்ற பிழை

மானிடனுக்கு எத்தனை நிறமூர்த்தங்கள் என்னும் எளிய வினாவிற்கே நெடுங்காலம் பிழையான விடை வழங்கிற்று. 1923 இல் அமெரிக்க அறிஞர் பெயின்றர் 48 என்றார். அவர்க்குப்பின் எண்ணியோரும் 48 என்றே எண்ணினர். பாடநூல்கள் அதனையே அச்சிட்டன. கலத்திலே இழைகள் ஒன்றின்மேலொன்றாய்ச் செறிந்து கிடந்தமையால், காண்போர் தாம் எதிர்பார்த்த எண்ணையே கண்டனர். பின்னர், கலங்களை ஐதான உப்புக்கரைசலில் ஊறவைத்தால் அவை வீங்கி இழைகள் விலகி நிற்கும் என்பது தெரியவந்தது. இம்முறையைக் கையாண்டு, யாவாவிற் பிறந்த சியோ என்பாரும் சுவீடனைச் சேர்ந்த லெவான் என்பாரும் 1956 ஆம் ஆண்டில் உண்மை எண் 46 என வெளியிட்டனர்.

முப்பத்துமூன்று ஆண்டுகள் அறிஞர் உலகம் ஒரு பிழையைச் சுமந்தது. கண்டது எது, காண விரும்பியது எது என்பதைப் பிரித்தறிதல் எத்துணை அரிது என்பதற்கு இதனிற் சிறந்த சான்று வேறில்லை.

நோயின் காரணம் புலனாதல்

சரியான எண் தெரிந்தபின் கண்டுபிடிப்புகள் விரைந்து வந்தன. 1959 இற் பிரான்சு நாட்டில் லெசுயேனும் அவர்தம் உடனாய்வாளரும், டவுன் கூட்டறிகுறியுடைய குழந்தைகளிடம் 21 ஆம் நிறமூர்த்தம் மூன்று இருப்பதைக் காட்டினர். ஒரேயொரு சிற்றிழை மிகுந்தமையால் விளைந்த நிலையே அது. தாயின் நடத்தையோ உணவோ கிரகணமோ அதற்குக் காரணமன்று.

அடுத்த ஆண்டிலேயே இதனினும் நுட்பமான உண்மை வெளிப்பட்டது. டவுன் கூட்டறிகுறியுடைய சிலரிடம் 46 நிறமூர்த்தங்களே இருந்தன. ஆராய்ந்தபோது, 21 ஆம் நிறமூர்த்தமொன்று வேறொன்றுடன் ஒட்டிக்கிடந்தது தெரிந்தது. இத்தகைய குடும்பங்களிற் சிலவற்றில் தாய்க்கோ தந்தைக்கோ 45 இழைகளே இருக்கும். இரண்டு ஒட்டி ஒன்றானமையால் எண்ணிக்கை குறைந்ததேயன்றிப் பொருள் குறையவில்லை. அவர் முழுநலத்துடன் வாழ்வார். ஆயின், அவ்வொட்டு மகவிற்குச் செல்லும்போது கணக்குப் பிறழலாம். இதனைச் சுமப்பவர் தாயாகவும் இருக்கலாம், தந்தையாகவும் இருக்கலாம். தாயை மட்டும் பழிக்கும் வழக்கம் அறிவியலின் முன் நில்லாது.

1960 இற் பிலடெல்பியா நகரில் நவெலும் கங்கபோட்டும் ஒருவகை வெண்குருதிப் புற்றுநோயில் மிகச் சிறுத்த நிறமூர்த்தமொன்றைக் கண்டனர். அத்துண்டு எங்குப் போயிற்று என்பது அன்று தெரியவில்லை. நிறமூர்த்தங்களிற் குறுக்குப்பட்டைகள் தோன்றச் செய்யும் சாயமுறைகள் 1970 அளவில் வந்தபின், சிக்காகோவில் சனற் றோலி என்னும் பெண்மணி 1973 இல் விடை கண்டார். 22 ஆம் நிறமூர்த்தத்தின் துண்டு 9 ஆம் நிறமூர்த்தத்திற்கும், அதன் துண்டு இதற்கும் மாறியிருந்தன. அவ்வொட்டிலே இரு பரம்பரையலகுகள் இணைந்து, கலத்தை ஓயாது பெருக ஏவும் புரதமொன்றை உண்டாக்குகின்றன. அப்புரதத்தைத் தடுக்கும் இமாற்றினிப் என்னும் மருந்து 2001 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முன்பு சில ஆண்டுகளில் உயிர்குடித்த நோய், அம்மருந்தினாற் பலர்க்கு நெடுங்காலம் அடங்கிநிற்கும் நோயாயிற்று.

தராசாக அமைந்த தகடு

நுணுக்குக்காட்டிக்கும் ஓர் எல்லை உண்டு. மானிடப் பரம்பரைப் பொருள் ஏறக்குறைய 300 கோடி மூலச்சோடிகளால் ஆனது. பட்டைகளைக் கண்ணாற் பார்த்து அறியத்தக்க மிகச்சிறிய இழப்பு சுமார் 50 இலட்சம் சோடி அளவினது. அதனினும் சிறியது கண்ணுக்குத் தப்பும். ஆயின் நோய் விளைப்பன பல அதனினும் சிறியவை. 17 ஆம் நிறமூர்த்தத்திற் சுமார் 15 இலட்சம் சோடி நீளமுள்ள பகுதி இரட்டிப்பதால், கைகால் நரம்பு நலியும் சார்க்கோ மேரி ரூத் நோய் தோன்றுவதை 1991 இல் அறிந்தனர். அதே பகுதி இழக்கப்படின் வேறொரு நரம்பு நோய் வரும். 22 ஆம் நிறமூர்த்தத்திற் சுமார் 30 இலட்சம் சோடி இழப்பினால் இதயக் குறையும் அண்ணப் பிளவும் தோன்றலாம்.

இவ்வெல்லையைக் கடக்கும் வழி 1992 இல் திறந்தது. கலியோனியெமி, பிங்கல், கிரே முதலியோர் கண்ட முறை ஒப்பீட்டு முறையாகும். நோயாளியின் டி.என்.ஏ.யைப் பச்சைச் சாயத்தாலும் நலமுடையார் ஒருவரின் டி.என்.ஏ.யைச் சிவப்புச் சாயத்தாலும் குறித்து, இரண்டையும் சம அளவிற் கலந்து, விரித்து வைத்த நிறமூர்த்தங்களின்மேல் இட்டனர். ஒவ்வொரு பகுதியும் தனக்கொத்த பகுதியோடு சென்று ஒட்டும். நோயாளியிடம் ஒரு பகுதி குறைந்திருப்பின் அவ்விடம் சிவப்பாகத் தோன்றும், மிகுந்திருப்பின் பச்சையாகும், சமமாயின் மஞ்சளாகும்.

நிறமூர்த்தங்களுக்குப் பதிலாக, இடம் அறியப்பட்ட டி.என்.ஏ. துண்டுகளை ஆயிரக்கணக்கிற் கண்ணாடித் தகடொன்றில் நிரைநிரையாகப் புள்ளியிட்டு வைத்தால் என்ன? இவ்வெண்ணமே நுண்வரிசைத் தகடாயிற்று. மைக்ரோஅரே என ஆய்வாளர் வழங்குவது இதனையே. 1997 இற் செருமனியின் கைடல்பேர்க்கிலும் 1998 இல் அமெரிக்காவின் சான்பிரான்சிசுகோவிலும் இம்முறை நிறமூர்த்த மாற்றங்களை அறியப் பயன்பட்டது. மானிடப் பரம்பரைப் பொருளின் வரைவு 2001 இல் வெளிவந்தபின், ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய இடம் ஐயமறத் தெரிந்தது. 2004 அளவில் 32,000 துண்டுகள் கொண்ட தகடு, நிறமூர்த்தத் தொகுதி முழுவதையும் அளந்தது. காரணம் புலனாகாத வளர்ச்சிக் குறையுடைய குழந்தைகளுக்கு முதற் சோதனையாக இதனையே செய்க என 2010 இல் அறிஞர் குழுவொன்று பரிந்துரைத்தது. டவுன் கூட்டறிகுறி போன்று பார்த்தவுடன் அறியப்படுவனவற்றை நீக்கி நோக்கின், நுணுக்குக்காட்டி நூற்றுக்கு 3 பேர் அளவிற் காரணம் காட்டிய இடத்தில், தகடு 15 முதல் 20 பேர்க்குக் காட்டிற்று.

தராசு கூறாதது

இத்தகைய கருவி வந்தபின் பழைய நுணுக்குக்காட்டி வேண்டாததாயிற்று எனச் சிலர் கருதக்கூடும். அது பொருந்தாது. ஓர் உவமையால் விளக்குவாம். நம் ஊர்க் காணிகள் ஒல்லாந்தர் காலத்தில் தோம்பில் எழுதப்பட்டன. இருவர் தம் காணிகளில் இரண்டு பரப்பை ஒருவர்க்கொருவர் மாற்றிக்கொண்டனர் என்க. ஊரின் மொத்தப் பரப்பை மட்டும் கணக்கிடுவோன் யாதொரு மாற்றத்தையும் காணான். வேலி எங்கு நிற்கின்றது எனச் சென்று பார்ப்பவனே மாற்றத்தை அறிவான். நுண்வரிசைத் தகடு மொத்தத்தை அளப்பது. சமமாக நிகழ்ந்த இடப்பெயர்ச்சியும் நேர்மாறலும் அதற்குப் புலனாகா. மேலே கூறிய 45 இழையுடைய நலமான பெற்றோரைத் தகட்டில் இட்டால், குறையொன்றுமில்லை என்றே விடைவரும். அவர்தம் அடுத்த மகவிற்கு வரக்கூடிய தீங்கை முன்னறிய வேண்டின், நுணுக்குக்காட்டியின் துணையே வேண்டும்.

இக்குறையையும் அறிவினால் நிரப்பினர். கேம்பிரிச்சிற்கு அண்மையிலுள்ள சாங்கர் நிலையத்தார் 2003 இல் ஒரு வழி கண்டனர. இடம்மாறிய இரு நிறமூர்த்தங்களையும் பொறியினாற் பிரித்தெடுத்து, ஒன்றைச் சிவப்பாகவும் மற்றதைப் பச்சையாகவும் குறித்துத் தகட்டில் இட்டனர். நிறமூர்த்தத்தின் ஒரு முனையிலிருந்து புள்ளிகளை நோக்கிச் செல்லுங்கால், முறிந்த இடம் வரை ஒரு நிறமும் அதற்கப்பால் மற்ற நிறமும் தோன்றும். நிறம் மாறும் இடமே முறிவிடம். மொத்தம் பார்க்கும் தராசையே வேலி பார்க்கும் கோலாக மாற்றிய திறம் இது.

கூர்ப்பின் சுவடுகள்

நோயை ஆராய எழுந்த இக்கருவி, உயிரினங்களின் பழவரலாற்றையும் காட்டிற்று. கேளையாடு எனப்படும் குரைக்கும் மானை எடுத்துக்கொள்வாம். இதன் இனத்தவை நம் நாட்டுக் காடுகளிலும் தென்னிந்திய மலைகளிலும் உலவுகின்றன. சீனக் கேளையாட்டிற்கு 46 நிறமூர்த்தங்கள். இந்தியக் கேளையாட்டிற்கோ பெண்ணில் 6, ஆணில் 7 மட்டுமே உள என்பதை 1970 இல் உவேர்சுற்றரும் பெனிர்ச்கேயும் வெளியிட்டபோது அறிஞர் வியந்தனர். பொருள் தொலையவில்லை, பல இழைகள் முனையோடு முனை ஒட்டி நீண்டன. தோற்றத்தில் ஒன்றையொன்று ஒத்த இரு மான்கள் நிறமூர்த்தத்தில் இத்துணை வேறுபடலாம் என்பது, உருவம் மாறாமலும் வரிசை மாறலாம் என்பதற்குச் சான்றாகும்.

மானிடன் வரலாற்றிலும் இத்தகைய ஒட்டு உண்டு. வாலில்லாப் பெருங்குரங்குகளுக்கு 48 நிறமூர்த்தங்கள், நமக்கு 46. நம் இரண்டாம் நிறமூர்த்தம் பண்டைய இரண்டு இழைகள் முனையொட்டிப் பிறந்தது. முனைகளுக்கே உரிய அடையாளம் அதன் நடுவிற் கிடப்பதை 1991 இற் கண்டனர். 2003 இல் நுண்வரிசைத் தகட்டில் மானிடனையும் பெருங்குரங்குகளையும் ஒப்பிட்டபோது, ஒட்டும் திருப்பமும் மட்டுமன்றி, இழப்பும் இரட்டிப்பும் பலவிடங்களில் நிகழ்ந்துள்ளமை தெரிந்தது. 2007 இல் வெளிவந்த ஆய்வொன்று, மாப்பொருளைச் செரிக்கும் உமிழ்நீர் நொதியத்தின் பரம்பரையலகு, மாப்பொருள் மிகுதியாய் உண்ணும் மக்களிடம் அதிகப் படிகளாக இருப்பதைக் காட்டிற்று. உணவும் பரம்பரையும் ஒன்றையொன்று வனைந்தன என்க.

யாரை அளவுகோலாகக் கொள்வது?

இனி, இவ்வரலாற்றின் முடியா வினாவிற்கு வருவாம். ஒப்பீட்டு முறையில் நோயாளியை நலமுடையார் ஒருவரோடு ஒப்பிடுகின்றோம். அந்நலமுடையார் யார்? 2004 இல் இரு ஆய்வுக் குழுவினர் நலமுடையோர் பலரையே ஒருவரோடொருவர் தகட்டில் ஒப்பிட்டனர். அவர்களிடையும் இழப்புகளும் இரட்டிப்புகளும் நிரம்ப இருந்தன. குறை என்று கருதப்பட்டவற்றுட் பல, மானிடர்க்கு இயல்பான வேறுபாடுகளே எனத் தெளிவாயிற்று. 2006 இல் 270 பேரை ஆராய்ந்து வரைந்த படம், பரம்பரைப் பொருளின் நூற்றுக்கு 12 பங்கில் இத்தகைய வேறுபாடு உண்டு எனக் கூறிற்று. அந்த 270 பேரும் நைசீரியாவின் யொருபர், ஐரோப்பிய வழிவந்த அமெரிக்கர், சீனர், யப்பானியர் ஆகிய நால்வகையினர். தென்னாசியர் ஒருவரும் அதில் இலர்.

இதன் விளைவு ஏட்டளவில் நிற்பதன்று. நம் நாட்டுக் குழந்தையொன்றின் சோதனையில் ஒரு சிறு துண்டு இழந்திருப்பதாகக் காணப்படுகின்றது எனக் கொள்வாம். அது நோயின் காரணமா, அன்றி நம்மவர் பலரிடமும் தீங்கின்றிக் கிடக்கும் வேறுபாடா? நம்மவர் அட்டவணையில் இல்லையாயின் மருத்துவர் திட்டமாகக் கூறல் இயலாது. தீங்கற்றதைத் தீங்கென்று கூறின் ஒரு குடும்பம் வீணே அஞ்சும்; மகளின் மணமும் தடைப்படும். தீங்கினைத் தீங்கன்று எனின், வரவேண்டிய உதவி வாராது போகும்.

இக்குறை ஓரளவு நீங்கியது 2015 இல். ஆயிரம் மானிடப் பரம்பரைத் தொகுதித் திட்டம் என்னும் பன்னாட்டு முயற்சியின் இறுதித் தொகுப்பில் 26 மக்கட் கூட்டங்களைச் சேர்ந்த 2,504 பேர் இடம்பெற்றனர். அவருள் 489 பேர் தென்னாசியர். அவருள்ளும் 102 பேர் பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர். இத்தொகுப்பின் இழப்பு, இரட்டிப்பு, நேர்மாறல் முதலியவற்றை ஒருங்கு வரைந்த படமும் அதே ஆண்டில் வெளிவந்தது. புலம்பெயர்ந்து சென்றோர் தம் குருதியை விரும்பி ஈந்ததால், உலக அறிஞர் நாள்தோறும் புரட்டும் ஏட்டில் நம் இனத்தின் பெயரும் ஏறிற்று. எனினும் 102 பேர் ஒரு தொடக்கமே. வடக்கும் கிழக்கும் மலையகமும் எனப் பரந்து வாழும் நம் மக்களின் வேறுபாடு முழுவதையும் அச்சிறு தொகை காட்டும் எனல் பொருந்தாது.

இன்று டி.என்.ஏ.யின் எழுத்துக்களை முழுமையாய் வாசிக்கும் முறைகள் விரைந்து வளர்ந்து, நுண்வரிசைத் தகட்டின் இடத்தைப் பல நாடுகளிற் பற்றிவருகின்றன. கருவி எதுவாயினும், ஒப்பிடுவதற்கு உரியோர் ஏட்டில் இல்லையாயின் வாசித்ததன் பொருள் விளங்காது.

இவ்வரலாற்றிலிருந்து மாணவர் கொள்ளத்தக்கவை இரண்டு. முதலாவது, எல்லோரும் 48 என்றபோதும் மறுபடி எண்ணிப் பார்த்த சியோவின் மனப்பான்மை. இரண்டாவது, ஊர் நாணலையும் கரும்பையும் உலக அட்டவணையில் ஏற்றிய ஜானகி அம்மாளின் உழைப்பு. பயிர்க்கு அவர் செய்ததை மக்களுக்குச் செய்தல் இத்தலைமுறையின் கடன். வைத்தியமும் உயிரியலும் கற்கச் செல்லும் நம் மாணவர், பிறர் வகுத்த அளவுகோலால் அளக்கப்படுவோராய் மட்டும் நில்லாது, அவ்வளவுகோலை வகுப்போருள்ளும் ஒருவராதல் வேண்டும். அன்று, நலங்குன்றிய மகவை ஏந்திவரும் தாய்க்கு, இது நின் பிழையன்று என ஆறுதல் கூறுவதோடு, காரணம் இன்னது எனத் தெளிவாய்க் காட்டவும் இயலும்.